இரண்டாவது கார்ட்

கல்முனையிலுள்ள எங்கள் தொலைபேசி நிலையத்தில் நான்தான் ஒரே பொறியியலாளர். அங்கே குளிரூட்டிய அறை ஒன்றில் ஆளுயரப் பெட்டி ஒன்று நிற்கிறது. கரையோர ஊர்களின் கோபுரங்களெல்லாம் அதன் வழியாகத்தான் கொழும்போடு தொடர்புகொள்கின்றன. அதற்கு மூளையாக இரண்டு கார்ட்கள். ஒன்று வேலை செய்யும். அது செத்தால் மற்றது அந்த நொடியே பொறுப்பெடுக்க வேண்டும்.

நான் மாற்றலாகி வந்த முதல் வாரமே விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டாவது கார்டில் பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் உள்ளே வெறுமை. பூட்டியவர்கள் முதல் கார்டின் அமைப்புகளை அதற்குப் பிரதி செய்யும் கட்டளையைக் கொடுக்காமலே போயிருந்தார்கள். நாலு வரிக் கட்டளை. ஆனால் தலைமையகத்தின் அனுமதியில்லாமல் ஒரு எழுத்தும் தட்ட முடியாது.

விண்ணப்பித்தேன். படிவம் பழையது என்று திருப்பினார்கள். புதிய படிவத்தில் அனுப்பினேன். விளக்கு பச்சையாக இருப்பதால் நடவடிக்கை தேவையில்லை என்று பதில் வந்தது. மூன்றாவது விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு மேலதிகாரியை நேரே அழைத்தேன்.

"மிஸ், ஓடுறத ஏன் நோண்டுறீங்க? கைவெச்சு ஏதாவது நடந்தா யார் பதில் சொல்ற?"

"கைவெக்காம நடந்தா யார் சேர் பதில் சொல்ற?"

அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பு பல நாள் என் காதில் கிடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று முதல் கார்டின் அமைப்புகளை என் மடிக்கணினியில் சேமித்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை, மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் முதல் கார்ட் செத்தது. என்னோடு வேலை செய்யும் டெக்னீஷியன், அண்ணன் முறையில் நான் நானா என்றழைப்பவர், உள்ளேயிருந்து கத்தினார்.

"மிஸ், ரெண்டாவது எழும்பிட்டு! ஆனா ஒண்டுமே தெரியாத மாதிரி முழிக்கிது!"

நற்பிட்டிமுனையிலிருந்து ஒலுவில் வரை ஒரு கோபுரத்திலும் சிக்னல் இல்லை. பக்கத்துக் கடையில் வேறு கம்பெனி போனை வாங்கிக் கொழும்புக்கு அழைத்தேன். அமைப்புகளின் பிரதி தங்களிடம் இருக்கிறது, இணையத்தில் அனுப்புகிறோம் என்றார்கள். எங்களுக்கு இணையம் வரும் வழியே அந்தப் பெட்டிதான் என்று விளக்கவே பத்து நிமிடம் போயிற்று. கடைசியில் என்னிடமிருந்த பிரதியை ஏற்றுகிறேன் என்று அறிவித்துவிட்டு மடிக்கணினியை வயரால் பெட்டியோடு இணைத்து உட்கார்ந்தேன்.

அதற்குள் வாசலில் சனம் கூடிவிட்டது. பஸாருக்கு வந்திருந்த ஒலுவில் ஊர்ப் பெண் ஒருத்தி, காவலாளியைத் தாண்டி அறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"மகள், எங்கட ஊட்டுக்காரர் விடியக்காலம் கடலுக்குப் போனவர். இப்ப காத்து பேயா அடிக்கிது. எங்கட பக்கம் கரையேற ஏலாது, மருதமுனையில ஏறுங்க எண்டு சொல்லணும். போன் போகுதே இல்ல."

"செய்துகொண்டுதான் இரிக்கன் ராத்தா. கொஞ்சம் பொறுங்க."

"எவ்வளவு நேரம்?"

நான் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் போகவில்லை. சுவரோடு சாய்ந்து ஓதத் தொடங்கினாள். அந்த முணுமுணுப்பு முதுகில் படப்பட என் விரல்கள் பிழையாகத் தட்டின. ஒரு வரி பிழைத்து, ஆயிரக்கணக்கான வரிகளையும் மறுபடி முதலிலிருந்து ஏற்றினேன். கண்ணீர் வந்தது, பயத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

பின்னேர அசர் தொழுகை நெருங்கும்போதுதான் கோபுரங்கள் ஒவ்வொன்றாக உயிர்த்தன. அவள் கையிலிருந்த போன் உடனே அடித்தது. "எங்க கிடக்கிறீங்க?" என்று கத்தியவள், கேட்டுக்கொண்டே நிலத்தில் குந்திவிட்டாள். அவர் தானாகவே மருதமுனையில் கரையேறி, ஒரு மணித்தியாலமாக அவளுக்கு அழைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அல்ஹம்துலில்லாஹ். நல்லா இருங்க மகள்" என்றாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுவாரம் தலைமையகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டாவது கார்டை ஏன் முன்கூட்டியே தயார்படுத்தவில்லை என்று என்னைத்தான் கேட்டிருந்தார்கள். மூன்று விண்ணப்பங்களையும் இணைத்து அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. புதிய கார்டும் அனுமதியும் வந்தன. அதைப் பூட்டி அமைப்புகளைப் பிரதி செய்யும் வேலை பதினொரு நிமிடத்தில் முடிந்தது.

ஒரு கார்டைக் கழற்றி, மற்றது உண்மையிலேயே பொறுப்பெடுக்கிறதா என்று சோதிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். படிவம் மாறிவிட்டதாம்.