இல்லைன்னு சொல்லாத ஊர்ல ஒரு ரெண்டு பின் கனெக்டர்

இத எழுதாமயே உட்டுப்போடலாம்னுதானுங்க இருந்தேன். வாட்ஸப்புல மூணு வரி அடிக்கறதுக்கே கொட்டாவி உடற ஆளு நானு. ஆனா இன்னைக்குக் காலைல கொரியர்ல ஒரு பொட்டலம் வந்துச்சு, பிரிச்ச ஒடனே கரண்ட்டு போயிருச்சு. வேலையும் ஓடாது, பேனும் ஓடாது. செரி, எழுதித்தான் தொலைவமேன்னு ஒக்காந்துட்டேன்.

பொட்டலத்துக்குள்ள பாதி புளியங்கொட்டை சைஸ்ல, வெள்ளை வெள்ளையா கனெக்டருங்க. பேட்டரி ஒயர போர்டுல மாட்டறதுக்கு ரெண்டு பின் வெச்சு வருமே, அதுதான். ஒண்ணை எடுத்து போர்டுல வெச்சேன். 'டிக்'னு ஒக்காந்துருச்சு. மொத வாட்டியே! கல்யாணத்துல மொதப் பந்திலயே எடம் கெடச்சாப்பல இருந்துச்சுங்க. சந்தோசப்படறதா, சந்தேகப்படறதான்னே தெரியல.

அந்தப் புது பிளாஸ்டிக் வாசம் இருக்குதே, அது வந்தா எனக்குக் கூடவே மாட்டுச்சாணி வாசமும் வரும். சிரிக்காதீங்க, காரணம் இருக்குது.

அப்ப நான் பாலிடெக்னிக்க ரெண்டாவது வருசத்துல உட்டிருந்தேன். அதுவும் என்னைய சந்தோசமாத்தான் உட்டுச்சு. ஊட்ல சும்மா இருந்த ரேடியோவக் கழட்டறது, திரும்ப மாட்டறப்ப நாலு ஸ்குரூ மிச்சம் வெக்கறது, இதுதான் நம்ம சோலி. எங்கப்பா பாத்துப் பாத்து ஒரு நாள் சொல்லிப்போட்டாரு: "காங்கேயத்துல உங்க மாமன் எண்ணெய் மில்லுல ஆளு வேணுமாம். திங்கக்கெழமை கெளம்பு."

எனக்கு மாமன் மேல பாசம் உண்டுங்க. தூரத்துல இருந்து.

அந்த நேரம் பாத்துத்தான் பிரபு ஒரு வேலையக் கொண்டாந்தான். பிரபு என்ர கூட்டாளி, அன்னூர்க்காரன், என்னைய மாதிரியே பாதிப் படிப்பு, ஆனா மூஞ்சி மட்டும் இன்ஜினியர் மூஞ்சி. அவங்கூருல ஞாயித்துக்கெழமை ரேக்ளா. ஒவ்வொரு மாட்டு வண்டியா உடுவாங்க, யாரு கம்மி நேரத்துல கோட்டைத் தாண்டறாங்களோ அவிங்களுக்குப் பரிசு. முந்துன வருசம் மூணு பேரு செல்போன்ல நேரம் பாத்திருக்காங்க, மூணும் மூணு நேரம் காட்டி ஒரே சண்டை. "நாங்க மிசினு வெக்கறமுங்க"ன்னு பிரபு கமிட்டில வாக்கு குடுத்துட்டான். கோட்டுக்குக் குறுக்க ஒரு லைட்டு அடிக்கும்; மாட்டு வண்டி வந்து அதைய மறைச்சா, பெரிய போர்டுல செவப்பு நெம்பரு அப்பிடியே நிக்கும்.

எங்கப்பன்கிட்ட சொன்னேன். "அது ஓடுச்சுன்னா தோட்டத்துப் பழைய மோட்டார் ரூமு உனக்கு. அங்கயே கடை போட்டுக்க. ஓடலைன்னா காங்கேயம்"னாரு.

எல்லாம் ரெடிங்க. போர்டுக்குப் பேட்டரி மாட்டற அந்தப் பொடிசு கனெக்டரு மட்டும் இல்ல. நேரா ஈயத்த உருக்கிப் பத்தவெக்க வேண்டீதுதானேன்னு கேப்பீங்க. பத்தவெச்சேன். போர்டே உருகிப்போச்சு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு போர்டு. ஆன்லைன்ல போட்டா வாரதுக்கு ஒரு வாரமாகும், எங்களுக்கு இருந்ததோ சனிக்கெழமை மட்டும்.

வண்டிய எடுத்துட்டு டவுன்ல காந்திபுரம் கடைவீதிக்குப் போனோம்.

மொதக் கடைல கேட்டேன். "ஏனுங்ணா, ரெண்டு பின் கனெக்டர் பொடிசா இருக்குங்களா?"

"இருக்குதுங்க தம்பி."

எடுத்துக் குடுத்தாரு. போர்டுல வெச்சுப் பாத்தா ஆனைக்கால பூனைச் செருப்புல உட்டாப்பல இருக்குது.

"கொஞ்சம் பெருசாட்ட இருக்குதுங்களே..."

"மாட்டுனா உள்ள போயிருமுங்க."

அவரு அத்தனை தன்மையாச் சொல்றப்ப வேண்டாம்னு எப்பிடீங்க சொல்றது? வாங்கிட்டோம். அடுத்த கடைல மூணு பின். "ஒண்ணை ஒடச்சுக்கலாமுங்க." வாங்கிட்டோம். அதுக்கு அடுத்த கடைல சைக்கிள் டைனமோவுக்கு மாட்டறது. அதையும், நெம்ப நன்றிங்கன்னு சொல்லி வாங்கிட்டோம். பொழுது எறங்கறப்ப எங்க பையில இந்தியாவுல செய்யற எல்லாக் கனெக்டரும் இருந்துச்சு, எங்களுக்கு வேணுங்கறதத் தவிர.

"டேய், இல்லைன்னு சொல்ற ஒருத்தனாச்சும் இந்த ஊர்ல இருக்கானா?"ன்னு கத்துனான் பிரபு.

"வேண்டாம்னு சொல்ற ஒருத்தன் நம்ம ரெண்டு பேர்ல இருக்கானாடா?"

கடைசிக் கடை. கடைக்காரரு வழக்கம்போல "இருக்குதுங்க"ன்னு உள்ள போனாரு. பிரபு என்ர இடுப்புல குத்துனான். கல்லா மேல ஒரு பழைய கார்ட்லெஸ் போனு, பின்னாடி மூடி இல்லாம, பேட்டரிய ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வெச்சிருக்குது. அந்தப் பேட்டரி ஒயர் நுனில, பொடிசா, வெள்ளையா, எங்க கனெக்டரு! பொண்ணு பாக்கப் போன எடத்துல பாக்கறாப்பல ரெண்டு பேரும் அதையவே பாத்துட்டு நிக்கறோம்.

வெளிய வந்தவரு கேட்டாரு, "என்னங்க தம்பி, போன் பேசோணுங்களா? பேசுங்க."

கையில குடுத்துட்டாரு. இல்லீங்கன்னு சொல்ல வாய் வரோணுமே! எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது எங்கப்பன் நெம்பரு ஒண்ணுதான். அடிச்சேன்.

"யாரு?"

"நாந்தானுங்கப்பா."

"எவன் நெம்பர்டா இது? மிசினு ஆவுதா, ஆவலையா?"

கடைக்காரரு என்னையப் பாத்துச் சிரிக்கறாரு. பிரபு கூரையப் பாக்கறான். "ஆவுதுங்கப்பா"ன்னுட்டேன்.

இனி வழியில்லீங்க. போனத் திருப்பிக் குடுக்காம நெஞ்சோட புடிச்சுட்டே சொன்னேன், "அண்ணா, எங்களுக்கு வேணுங்கறது இந்த ஒயரு மட்டுந்தானுங்க."

அவரு போனப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு. "அறுத்துக்குங்க. இதுல எங்க மச்சான் ஒருத்தந்தான் கூப்படறான்."

கூட டீயும் வாங்கிக் குடுத்தாரு.

ஊட்டுக்கு வந்ததும் வாராததுமா போர்டுல மாட்டப் போனேன். பிரபு கையத் தட்டி உட்டான். "கறுப்பு எந்தப் பக்கம் இருக்குது பாரு!" செவப்பும் கறுப்பும் எடம் மாறி இருந்துச்சுங்க. மாட்டியிருந்தா போர்டும் போயிருக்கும், நானும் காங்கேயம் போயிருப்பேன். அம்மா வளையல்ல கோத்து வெச்சிருந்த பின்னூசிய வாங்கி, உள்ளார இருக்கற பொடிக் கம்பிய நெம்பி எடுத்து, மாத்திச் சொருகுனோம். 'டிக்'. செவப்புல நாலு சைபர் எரிஞ்சுச்சு. நானும் பிரபுவும் கட்டிப் புடிச்சுக் குதிச்சதுல அம்மா பருப்புச் சட்டியக் கீழ போட்டாங்க.

ஞாயித்துக்கெழமை மிசினு ஜம்முனு ஓடுச்சு. புழுதி, சாணி, வெசிலு, அதுக்கு நடுவுல எங்க செவப்பு நெம்பரு. மொத எடம் வந்த வண்டிக்கும் ரெண்டாவது எடம் வந்த வண்டிக்கும் கண்ணு சிமிட்டற வித்தியாசந்தான், அதையும் போர்டு காட்டிப்போடுச்சு. ஊரே நிமுந்து பாக்குது. கமிட்டித் தலைவரு மைக்க வாங்குனாரு. தோத்தவரு மூஞ்சியப் பாத்தாரு. தொண்டையக் கனச்சாரு.

"மிசினு என்னமோ சொல்லுதுங்க. ஆனா ரெண்டு பேருமே ஜெயிச்சாப்பலதானுங்க."

ரெண்டு பேருக்கும் மொதப் பரிசு! பிரபு மிசினு மேலயே தலையச் சாய்ச்சுட்டான். எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வவுறு புடிச்சுக்கிச்சு.

எங்கப்பன் கூட்டத்துல இருந்து வந்தாரு. போர்ட ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. மோட்டார் ரூம் சாவிய எடுத்து என்ர கையில வெச்சாரு. "உள்ள ஒரு பூரான் குடியிருக்குது. அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க."

அந்த ரூம்லதானுங்க இப்ப ஒக்காந்து எழுதறேன். பூரான் போயிருச்சு. ரேக்ளா ஓடுன காட்டுல கல்லு நட்டு ஊட்டு சைட்டு போட்டுட்டாங்க. கார்ட்லெஸ் போன் குடுத்தவரு கடைல இப்ப ஒரு பையன் செல்போன் கவரு விக்கறான். என்ன கேட்டாலும் தலையத் தூக்காம "இல்ல"ங்கறான். போன்ல இருக்கற ஆன்லைன் கடை ஆப்பு அதுக்கும் மேல, ஸ்டாக் இல்லைன்னு செவப்பு எழுத்துல மூஞ்சிலயே அடிச்சாப்பல சொல்லுது. டீயெல்லாம் கேக்கவே கூடாது. வேணுங்கறது வேணுங்கற சைஸ்ல ஊட்டுக்கே வருது. தப்பான கனெக்டர அத்தனை மரியாதையா வித்தவிங்கதான் ஒருத்தரும் இல்ல.

கரண்ட்டு வந்துருச்சுங்க. இதுவரைக்கும் எழுதுனத போட்டோ புடிச்சு ஓசூர்ல கம்பெனி வேலைல இருக்கற பிரபுவுக்கு வாட்ஸப்புல தாட்டி உட்டு, எப்பிடிடா இருக்குதுன்னு கேட்டேன். சித்த நேரத்துல பதில் வந்துச்சு:

"கொஞ்சம் பெருசாட்ட இருக்குதுடா, மாட்டுனா உள்ள போயிரும்."