சமையலறையை அளந்த நாள்

பக்கத்து வீட்டு நாய் அவிழ்த்துக்கொண்டு, கழுத்துச் சங்கிலி தரையில் கலகலக்கத் தெருவில் ஓடியது. என் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது.

அறுபதுகளில் செஞ்சியில் எங்கள் வீட்டில் அந்தச் சங்கிலிச் சத்தம் ஓயாது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். விடியுமுன் ராஜகிரி அடிவாரம்வரை நடந்துவிட்டு வருவார். பழையது சாப்பிட்டு, நிலம் அளக்கும் சங்கிலியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அனந்தபுரத்தில் வரப்புச் சண்டை, தொண்டூரில் பாகப்பிரிவினை. யாரிடமும் காலணா வாங்கமாட்டார்.

"வேலையில இருந்தப்பவாவது நேரத்துக்குச் சாப்ட்டாரு" என்பாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. சும்மா இருக்கத் தெரியாத மனிதர் எங்கள் வீட்டையே அளந்தார். மூன்று முறை அளந்தார். பிறகு பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரரை அழைத்து வந்தார்.

"அண்ணே, எங்க சமையக்கட்டு ரெண்டடி உங்க மனையில இருக்குது."

"இன்னா சார் நீங்க! நான் கேட்டனா? இருந்துட்டுப் போவட்டும், விடுங்க."

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நான் எப்படி விடறது?"

நைனா கடப்பாரையை எடுத்தார். "ஐயோ, உலை கொதிக்குது!" என்று அம்மா கத்துவதற்குள் சுவர் வெளிப்பக்கம் சரிந்தது. புழுதி அடங்கியபோது அடுப்புக்கு நேராக மளிகைக்கடைக்காரர் வீட்டு முற்றம் தெரிந்தது. அம்மா அரிசி முறத்தோடு அசையாமல் நின்றாள்.

நைனா சங்கிலியைச் சுருட்டினார். "நாளைக்குத் தொண்டூர் போவணும். சீக்கிரம் எழுப்பு."

எனக்கு எழுபது வயதாகிறது. நாய் எப்போதோ தெருமுனையைத் தாண்டிவிட்டது. நான் இன்னும் என் வீட்டுச் சமையலறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.