அக்காவின் செய்தியில் திருத்தம் முதலில் வரும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொல்லிவிட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திண்டிவனத்தில் லாரிகளுக்கு சீட் கவர் தைக்கிறேன். எங்கே பிழை வந்துவிடுமோ என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. கன்னியம்மா அத்தையிடம் சொல்கிறேன் என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டு, சொல்லாமலே விட்டது ஒன்று இருக்கிறது. இது முடிவதற்குள் அதைச் சொல்லியாக வேண்டும்.

அக்கா பிறந்தது விக்கிரவாண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போடும் குடும்பத்தில், மூத்த மகளாக. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாவோடு களையெடுத்துக்கொண்டே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டைப்பிங் படித்து, விழுப்புரத்தில் இருந்த கேபிள் சேனலில் செய்தி டைப் அடிக்கச் சேர்ந்தார். குரல் கணீரென்று இருக்கவே, அவரையே படிக்கச் சொல்லிவிட்டார்கள். மின்தடை, மல்லாட்டை விலை, காணாமல் போன மாடு என்று, சென்னைச் சேனல்கள் திரும்பியும் பார்க்காத செய்திகள். மாலை ஆறு மணிக்குத் திண்டிவனத்தில் ஒரு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தால், ஒரு வார்த்தை விடாமல் அக்காவின் செய்தியைக் கேட்டுவிடலாம். வீட்டுக்கு வீடு அதே குரல். அதற்காகவே நான் நடந்திருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் வியாழக்கிழமை மின்தடையைப் புதன்கிழமை என்று படித்துவிட்டார். மாவு மில் வைத்திருந்த அம்மா ஒருவர் சேனலுக்கே வந்துவிட்டார்.

“நீ சொன்னன்னு நேத்து மில்ல சாத்தி வெச்சேன். இன்னிக்கி தொறந்தா கரண்ட் இல்ல. நான் இன்னாம்மா பண்றது?”

அன்று மாலை, தலைப்புச் செய்திக்கும் முன்பாக, அக்கா அந்தப் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். முதலாளிக்குக் கோபம்.

“மொதல்லயே தப்ப சொன்னா எவம்மா நம்ம சேனல பாப்பான்?”

“தப்பா கேட்டவங்க வீட்ல இன்னும் உக்காந்துக்கினு இருக்காங்க சார். அவங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்.”

அன்றிலிருந்து அதுவே வழக்கம். பிழை இல்லாத நாளில், “நேற்றைய செய்தியில் பிழை ஏதும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை. இருந்தால் சொல்லுங்கள், திருத்திச் சொல்கிறோம்” என்பார். டீக்கடையில், “இரு, இன்னிக்கி இன்னா தப்புன்னு பாத்துட்டுப் போயிடறேன்” என்று கிளாஸோடு நிற்பார்கள். அளவு தப்பாகத் தைத்த கவரை பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைக்கிறவன் நான். ஊரே பார்க்கத் தன் தப்பைச் சொல்லிவிட்டு அக்கா எப்படி நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு எங்கள் சேனல் எந்த நம்பரில் வருகிறது என்று பலருக்குத் தெரியாமல் போனது. அப்புறம் ஆளுக்கொரு செல்போன். விளம்பரம் கொடுத்த துணிக்கடைகள் ஒவ்வொன்றாக நின்றன. விழுப்புரம் அலுவலகத்தை மூடினார்கள். கடைசியில் திண்டிவனத்தில் மாடியில் ஓர் அறை, அக்கா, கேமராமேன் பாஸ்கர். அவ்வளவுதான்.

அந்த நிலையில்தான் பெருமழை வந்தது. காலையில் எல்லோர் போனிலும் ஒரே செய்தி: ஏரி உடைந்துவிட்டது, ஓடுங்கள். ஜனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பைபாஸ் பக்கம் ஓடியது. அந்த ஓட்டத்தில் கன்னியம்மா அத்தை படியில் விழுந்து கை முறிந்தது. நான் கடையை அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினேன். அங்கே டிவியில் அக்கா.

ஏரிக்கரை மேல் நனைந்துகொண்டு நின்றார். பாஸ்கரின் போன் வழியாக நேரலை.

“இது என் காலு. இது ஏரிக்கரை. ரொம்பி மிஞ்சின தண்ணி கலங்கல் வழியாத்தான் வெளிய போய்க்கினு இருக்கு, கரை உடையல. நான் இங்கதான் நிக்கிறேன், பாத்துக்கினே இருங்க. நான் ஓடுனா நீங்களும் ஓடுங்க.”

மழை விடுகிற வரை அக்கா கரையை விட்டு இறங்கவில்லை. டீக்கடையில் ஒருவர் ரோட்டுக்குப் போய், “அந்தம்மா நிக்குதுய்யா, திரும்புங்க!” என்று கத்தினார். ஓடிய ஜனம் நின்றது. என் கூடப் பிறந்தவர்தானா இவர் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் அக்கா கடைக்கு வந்தார்.

“ஒனக்கும் அந்த மெசேஜ் வந்துச்சாடா?”

“வந்துச்சிக்கா. பயந்துட்டேன்.” என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன்.

அக்கா என் தையல் மிஷினை நிறுத்தினார். “பயந்தா வந்து பாக்கணும்டா. இங்கருந்து ஏரிக்கு எம்மாந்தூரம்? அத்தகிட்ட நீயே சொல்லு. ஒனக்குப் பதிலா நான் செய்தியில படிக்க மாட்டேன்.”

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

சேனலை மூடிய நாளில் அக்கா படித்த கடைசிச் செய்தி எனக்கு மனப்பாடம். “நாளை திருத்தம் சொல்ல நாங்கள் இருக்க மாட்டோம். அதனால் இன்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை விசாரித்துப் படிக்கிறேன்.” அடுத்த வருஷமே நோய் படுக்க வைத்தது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் என் கையைப் பிடித்து, “சொல்லிட்டியா?” என்றார். தலையை ஆட்டினேன், இல்லை என்று. “சேனலத்தான் மூடிட்டாங்க. ஒன் வாய் இருக்குல்ல?” என்று சிரித்தார்.

அக்காவைக் கடைசி வரை தாங்கிய மாமாவுக்கும், மருந்துக்கு அலைந்த பாஸ்கருக்கும், பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், காரியத்துக்கு வந்து நின்ற மாவு மில் அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவின் செய்தியில் திருத்தம் முதலில் வரும். எனக்குத் தைரியம் வருவதற்குள் என் திருத்தம் கடைசிக்கு வந்துவிட்டது.

திருத்தம்: அன்று ஏரி உடையவில்லை. உடைந்துவிட்டது என்ற செய்தியைப் போய்ப் பார்க்காமல் கன்னியம்மா அத்தையின் மகனுக்கு அனுப்பியவன் நான். அதைக் கேட்டுத்தான் அத்தை ஓடினார், விழுந்தார். அத்தை, என்னை மன்னிக்க வேண்டும்.

இதில் வேறு பிழை இருந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள். திருத்திச் சொல்கிறேன்.