பெடல் நின்ற இடத்தில் போன பதில்

கரண்ட் இல்லாத ஊரில் றேடியோ கேட்பதென்றால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து யாராவது பெடலைக் கையால் சுற்றி டைனமோவை ஓட்ட வேண்டும். இன்று உரும்பிராய்ச் சைக்கிள் கடையில் என் முறை.

செய்தி முடிய றேடியோவில் ஒரு சுவாமியார் பேச வந்தார். கடவுளும் குறிக்கோளும் இல்லாத வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா என்று கேட்டார். நான் படித்த கம்பஸை மூடிய நாளிலிருந்து நானும் இதே கேள்வியோடுதான் அலைகிறேன்.

“அதற்கு விடை என்னவென்றால்…” என்றார்.

கேட்கிற அவசரத்தில் சுற்ற மறந்துபோனேன். றேடியோ நின்றுவிட்டது. திரும்பச் சுற்றினால், பேச்சு முடிந்து சினிமாப் பாட்டு!

“என்ன தம்பி, விடையை விட்டிட்டீரே!” என்று கத்தினார் கடைக்கார அண்ணை. பிறகு காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “ஆ, நல்ல பாட்டு. நிப்பாட்டாமல் சுத்தும்” என்றார்.

சுற்றினேன். கை இன்னும் உளைகிறது.

அந்த மிச்ச வசனத்தைக் கேட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். உங்களுக்காகச் சுற்றியது யார் என்பதையும் சொல்லுங்கள்.