வைப்பரில் கட்டிய மாலை

கார் வைப்பரைக் கழற்றுவது பெரிய வேலையா என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஒரு சின்ன மூடி, அதற்குக் கீழே ஒரு நட்டு. நட்டைக் கழற்றினால் வைப்பரின் கை கழன்று வந்துவிட வேண்டும். புதுக் காரில் வரும். ஏழெட்டு மழைக்காலம் பார்த்த காரில் வராது. வைப்பரின் கை அலுமினியம். அது உட்கார்ந்திருக்கும் தண்டு இரும்பு. நடுவே தண்ணீர் இறங்கி, வெள்ளையாக மாவு போலப் பூத்து, இரண்டையும் ஒட்டவைத்துவிடும்.

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். கழன்று வராத எதற்கும் எங்கள் கடையில் ஒரே வைத்தியம்தான். அடியில் பெரிய ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்புவது. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, ஒரு டாக்டருடைய காரின் முன்கண்ணாடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிசல் விட்டுவிட்டது. முதலாளி திட்டவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நானும் அதிகம் பேசாதவன் என்பதால், அவர் பேசவில்லை என்பதே எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நானே ஒரு புல்லர் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் சாமான். நண்டின் கொடுக்கு போல இரண்டு நகங்கள், நடுவில் ஒரு போல்ட்டு. நகங்களை வைப்பர் கைக்கு அடியில் மாட்டி, போல்ட்டின் முனையைத் தண்டின் தலையில் வைத்துத் திருக வேண்டும். போல்ட்டு தண்டைக் கீழே அழுத்தும். நகங்கள் கையை மேலே இழுக்கும். கண்ணாடிப் பக்கம் எந்தப் பலமும் போகாது. முதன்முதலில் அதை வெளியே எடுத்த அன்று எங்கள் வெல்டர், "இன்னா மாமே, பல்லு டாக்டரு ஆயிட்டியா?" என்று கேட்டார். அதிலிருந்து ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் அதை எடுப்பேன்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு விஜயதசமி காலையில் அந்தப் புல்லரை எடுக்க முடியாமல் நான் நின்ற நிலையைச் சொல்வதற்காக.

ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் எல்லாச் சாமான்களையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு சிவப்புத் துணியில் அடுக்கிவிடுவோம். அதோடு சரி. மறுநாள் முதலாளி வந்து, கற்பூரம் காட்டி, தன் கையால் ஒரு ஸ்பேனரை நகர்த்தி வைக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. முதலாளி கறாரான ஆள் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரிடம் பேச்சு எடுபடாது.

அன்று காலை நான்தான் கடையைத் திறந்தேன். நல்ல மழை. ஏழே முக்கால் இருக்கும். ஒரு வெள்ளைக் கார் ஊர்ந்து வந்து எங்கள் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண்மணி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்திருந்தார். தலையில் வலது பாதி மட்டும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வந்திருக்கிறார்.

"வைப்பரு ஓடல. சீக்கிரம் இன்னான்னு பாரு நைனா," என்றார். "பொண்ணுக்கு வளைகாப்பு. திருவள்ளூர்ல மாப்ள ஊடு. பத்தரைக்கு எமகண்டம். அதுக்குள்ள நான் போய் அவ கையில மொத வளையல் போடணும். ராகு காலத்துக்கு முன்னாடியே ஊட்ட வுட்டுக் கெளம்பிட்டேன், வேலப்பன்சாவடில மழ புடிச்சிக்கிச்சு."

பின் சீட்டில் அவருடைய கணவர், மடியில் ஒரு பெரிய பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இன்னும் ஆறு பாத்திரங்கள். கதவைத் திறந்ததும் புளிசாதமும் தேங்காய் சாதமும் கலந்த வாசனை கடை முழுக்கப் பரவியது. டாக்சிக்கு முயற்சி செய்தார்களாம். பண்டிகை நாள், மழை வேறு, எதுவும் கிடைக்கவில்லை. கணவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த அம்மாதான் வண்டி ஓட்டுகிறார்.

கணவரைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முந்தின நாள் யாரோ ஒரு பையனை ஓட்டச் சொல்லி அந்தக் காரை வாட்டர் வாஷுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பூஜைக்கு வரும் வண்டிகளுக்கு மாலை போட்டு அனுப்புவது எங்கள் கடை வழக்கம். சாமந்தி மாலையை ஒரு வைப்பரிலிருந்து இன்னொரு வைப்பருக்கு இழுத்து, காற்றில் பறக்காமல் இருக்க நைலான் கயிற்றால் இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டினவன் நான்தான்.

குனிந்து பார்த்தேன். மாலை பிய்ந்து, நாலைந்து பூ மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கயிறும் முடிச்சும் அப்படியே இருந்தன. மழை வந்ததும் அந்த அம்மா சுவிட்சைப் போட்டிருக்கிறார். மோட்டார் இழுத்திருக்கிறது; கயிறு விடவில்லை. பானெட்டுக்கு அடியில் வைப்பரை ஆட்டுகிற கம்பி, தன் குமிழிலிருந்து கழன்றுவிட்டது. மோட்டார் மட்டும் உய்யென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"எவனோ ஒரு புண்ணியவான் இத்தக் கட்டிக்கிறான்," என்றார் அந்த அம்மா. "யானையக் கட்டற மாதிரி முடிச்சு."

எதிரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பாய், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார். முடிச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அண்ணாத்தே, நேத்து இத்த..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நேத்து இத்தன மழ இல்ல," என்று முடித்தார்.

கழன்ற கம்பியை மாட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் அது கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் பலகைக்கு அடியில் இருக்கிறது. பலகையைத் தூக்க வேண்டுமானால் இரண்டு வைப்பர் கைகளையும் கழற்ற வேண்டும். சாமான் எல்லாம் சாமி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. முதலாளி வந்துதான் எடுக்க வேண்டும் என்பதை எப்படியோ வாய் திறந்து சொன்னேன்.

"போன் போடு."

நான் தயங்கி நின்றதைப் பார்த்து, அந்த அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். முதலாளி திருவேற்காடு கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பத்து மணி ஆகும் என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"பத்து மணிக்கு நான் அங்க சம்பந்தி ஊட்ல நிக்கணும் சார். சாமி கிட்ட நான் பேசிக்கிறேன். எங்கூட்டுப் பொண்ணு ஏழு மாசமா எங்கைய எதிர்பார்த்துக்கினு கீறா."

முதலாளி போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "அந்த பல்லு புடுங்கற சாமான் உன்னுதுதானே?"

"ஆமாண்ணே."

"அத்த மட்டும் எடு. என்னுது ஒண்ணுத்தயும் தொடாத. கும்புட்டுட்டு எடு."

ஸ்பேனருக்கு எங்கே போவது என்று யோசிப்பதற்குள் பாய் தன் கடையிலிருந்து ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "என் சாமானுக்கு நேத்தும் லீவு இல்ல, இன்னிக்கும் லீவு இல்ல," என்றார். முதல் வேலையாகக் கயிற்றை அறுத்தேன். அவருடைய ஸ்பேனரில் நட்டுகளைத் தளர்த்தினேன். முழுதாகக் கழற்றாமல் இரண்டு புரியில் விட்டுவைத்தேன். கை திடீரென்று விடுபட்டால் எகிறிக் கண்ணாடியில் அடிக்காமல் அந்த நட்டு பிடித்துக்கொள்ளும்.

இடது பக்கத்துக் கையை ஆட்டினேன். இரண்டு ஆட்டில் வந்துவிட்டது. ஓட்டுநர் பக்கத்துக் கை அசையவே இல்லை. அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.

"திருப்புளி தரேன், ஒரே நெம்பு," என்றார் பாய்.

"வேணாம் பாய்."

அன்றைக்கு நான் உறுதியாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

சாமி முன்னால் போய் நின்றேன். என் புல்லர், முதலாளியின் பெரிய ஸ்பேனர்களுக்கு நடுவே, ஒரு பொட்டோடு குழந்தை மாதிரி இருந்தது. கும்பிட்டு எடுத்தேன். பக்கத்தில் இருந்த எதுவும் அசையாமல் எடுத்ததில் எனக்கு ஒரு திருப்தி.

கண்ணாடியில் ஒரு துணியை விரித்துவிட்டு, நகங்களை மாட்டித் திருகினேன். இறுகியது. இன்னும் கால் சுற்று. நகம் வழுக்கி வெளியே வந்தது. மறுபடி மாட்டினேன். மறுபடி வழுக்கியது. குங்குமமும் எண்ணெயும் கலந்து நகத்தில் வழவழவென்று இருந்தது. அதைத் துடைக்கலாமா கூடாதா என்று யோசித்தேன். அந்த அம்மாவே தன் புடவைத் தலைப்பை நீட்டினார். "பட்டு வேணாம்மா," என்று சொல்லி என் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

மணி எட்டே கால். அந்த அம்மா ஒவ்வொரு நிமிடமும் மணி சொன்னார். நான் அவசரப்படவில்லை. திருகி விட்டு, அப்படியே வைத்திருந்து, போல்ட்டின் தலையில் பாயின் சின்னச் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு. மறுபடி கால் சுற்று, மறுபடி ஒரு தட்டு. புல்லரில் பலம் முக்கியமில்லை, பொறுமைதான். இறுக்கி வைத்துவிட்டால் நாம் சும்மா இருக்கும்போதும் அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

நாலாவது தட்டில் டக்கென்று ஒரு சத்தம். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடிதான் போயிற்று என்று நினைத்திருக்கிறார். வைப்பர் கை நட்டில் முட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

"இன்னா மாமே, வலிக்காம புடுங்கிட்ட," என்றார் பாய்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பலகையைத் தூக்கி, கம்பியைக் குமிழில் அழுத்தி மாட்டினேன். உள்ளே இருந்த பிளாஸ்டிக் வளையம் தேய்ந்துபோயிருந்தது. மறுபடி கழலாமல் இருக்கக் கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினேன். கைகளைத் திரும்ப மாட்டி அந்த அம்மாவை சுவிட்சைப் போடச் சொன்னேன். இரண்டு வைப்பரும் சேர்ந்து ஆடின.

"போற வழியில மறுபடி கழண்டுக்கினா?" என்று கேட்டார்.

"கழண்டுக்காதும்மா. ஒருவேளை..."

"ஒருவேளயா? அப்ப நீயும் ஏறு."

கடையைப் பாய் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என்னை அனுப்பிவைப்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். புல்லரையும் பாயின் ஸ்பேனரையும் மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். மெட்ரோ தூண்களைத் தாண்டி, திருமழிசை வழியாகப் போனோம். வெள்ளவேடு வரை ஒரே கொட்டு. அந்த அம்மா ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நான் வைப்பரையே பார்த்துக்கொண்டு வந்தேன். வலது, இடது, வலது, இடது. ஒரு இடத்தில் இடது வைப்பர் கொஞ்சம் தயங்கியது. எனக்கு உயிர் போய்த் திரும்பியது. அந்த அம்மா கவனிக்கவில்லை. திருவள்ளூரில் அந்த வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மணி பத்து ஐந்து.

அந்த அம்மா வளையல் தட்டை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். உள்ளே மகள் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த விதத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வளையல் பத்தேகாலுக்கெல்லாம் ஏறிவிட்டது.

அதோடு திரும்பிப் பேருந்து பிடித்திருக்கலாம். அந்த அம்மா விடவில்லை. கிரீஸ் கறை படிந்த சட்டையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போய், சம்பந்தி வீட்டுப் பெண்கள் நடுவே நிறுத்தி, "இந்த அண்ணன் இல்லன்னா நான் இன்னிக்கி வந்தே இருக்க மாட்டேன்," என்றார். பத்துப் பதினைந்து பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. கேட்கக் கேட்கப் பொறுக்கவில்லை. இந்த அண்ணன் இல்லையென்றால் அவர் ஒன்பது மணிக்கே வந்திருப்பார் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.

பின்கட்டில் ஆண்களுக்கு இலை போட்டிருந்தார்கள். கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். இவரிடமாவது சொல்லிவிடலாம் என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"சார், நேத்து அந்த மாலைய..."

"தெரியும். நீதானே கட்டுன. நான் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தேன்," என்றார் மெல்லிய குரலில். "மழ வந்தா கயித்த அறுத்துட்டு வைப்பரு போடுங்கன்னு நீ சொன்னதும் எனக்கு ஞாபகம் கீது."

சொன்னேனா? சொல்லியிருப்பேன். என் வாய்க்குள்ளேயே சொல்லியிருப்பேன். அவருக்குக் கேட்டதே ஆச்சரியம்.

"காத்தால அறுக்கலாம்னு கத்தியோட போனேன். சாமிக்குப் போட்ட மாலை, நல்ல நாள் அதுவுமா கத்தி வெக்கறியான்னு அவ கத்துவா. சரி, மழ வந்தா பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன். மழ வந்தப்ப மடியில புளிசாதம்." அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாத. ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவா."

"நான் யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன் சார்," என்றேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் இலைக்கு மேல் குனிந்துகொண்டு குலுங்கினோம். அந்த நேரம் பார்த்து அந்த அம்மா தேங்காய் சாதத்தோடு வந்து நின்றார். தலையின் அந்தப் பக்கம் இன்னும் காயவில்லை.

"இன்னா, ரெண்டு பேரும் வாயத் தொறக்காத ஆளுங்களாச்சே. அப்படி இன்னா சிரிப்பு?"

"மழ எப்ப வுடும்னு பேசிக்கினு இருந்தோம்," என்றார் கணவர்.

"அது சிரிக்கற விஷயமா?" என்று சொல்லி, எனக்கு மட்டும் இரண்டு கரண்டி சேர்த்துப் போட்டுவிட்டுப் போனார்.