சுகுணாவின் லேப்டாப்

லேப்டாப்பின் மேல்தான் சுகுணா புளி தட்டுகிறாள். காலை வேலை முடிந்து, கணவர் கிருஷ்ணப்பன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனதும் நடு அறையில் சாக்கை நாலாக மடித்து விரிப்பாள். உள்ளே பார்த்து, "பாப்பா, அந்த லேப்டாப்ப எடு" என்பாள். மகள் கோகிலவாணி சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் கறுப்புக் கிரானைட் துண்டைத் தூக்கி வந்து சாக்கின் மேல் வைப்பாள். ஓடு நீக்கிய பழம் ஒரு கையில், சின்ன இரும்புத் தடி இன்னொரு கையில். பக்கவாட்டில் ஒரு தட்டு. கொட்டை தெறித்து விழும். வேலை ஆரம்பிக்கும்போது கல்லின் பளபளப்பில் அவள் முகம் தெரியும். பிசுக்கு ஏற ஏற மங்கிப் போகும்.

கல்லின் அளவு அச்சு அசலாக லேப்டாப்பின் அளவு. விளிம்பெல்லாம் மெஷினில் அறுத்த நேர்த்தி. போன மாசியில் பாப்பாரப்பட்டிச் சந்தையில் அதை லேப்டாப் என்று நம்பித்தான் வாங்கி வந்தாள்.

"நம்மூருக் கல்லையே அறுத்து நமக்கே வித்துட்டுப் போயிட்டான் பாருங்கக்கா. கெட்டிக்காரப் பய" என்பாள், வருஷா வருஷம் புளி வாங்கப் போகும் என்னிடம். திட்டும்போதுகூட வேலையில் உள்ள சுத்தத்தை மறைக்க மாட்டாள்.

சுகுணாவுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. உயரம் குறைவு, குரல் அதிகம். சாலையோரத்திலும் காட்டு வரப்பிலும் நிற்கும் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுப்பாள். உலுக்க ஆள் வைப்பாள். தட்டுவதும் நார் எடுப்பதும் தெருப் பெண்களோடு அவளே. சந்தைக்குக் கொண்டுபோய் விற்பதும் அவளே. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், இந்த வருஷம் காய் எவ்வளவு என்பதைவிட அந்த மரத்துக்காரன் எவ்வளவு பொய் சொல்லுவான் என்பதுதான் முதலில் தெரியும் என்பாள்.

அந்தச் சந்தையில் அவள் கைக்கு ஒரு பெயர் இருந்தது. மூட்டையையோ பொட்டலத்தையோ பிடித்துச் சாண் உயரம் தூக்கி மணிக்கட்டை லேசாக ஆட்டுவாள். எடை சொல்லிவிடுவாள். தண்ணீர் தெளித்த புளி, உள்ளே கொட்டையை மறைத்த புளி, எல்லாம் அந்த ஆட்டத்தில் அகப்படும். சண்டை வந்தால் வியாபாரிகளே, "சுகுணா, இதத் தூக்கிப் பாரு" என்று நீட்டுவார்கள்.

அந்தக் கையை நம்பித்தான் மோசம் போனாள்.

கோகிலவாணி அந்த வருஷம்தான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருந்தாள். எழுதிக் கொடுக்க வேண்டியதையெல்லாம் செல்போனில் கட்டைவிரலால் அடித்துக்கொண்டிருந்தாள். சந்தை கலைகிற நேரம், பஸ் நிறுத்தத்துப் பக்கம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சுற்றிலும் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். டிவி, செல்போன், லேப்டாப். "துறைமுகத்துல புடிச்ச சரக்கு. பில்லு கெடையாது. அதான் இந்த வெல." ஒருவன் லேப்டாப்பைத் திறந்து சினிமாப் பாட்டு ஓடவிட்டுக் காட்டினான். மூடிப் பையில் போட்டு அவள் கையில் கொடுத்தான். அவள் தூக்கிப் பார்த்தாள். கனம் கைக்குள் பதிந்துவிட்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புளி விற்ற காசைக் கொடுத்தாள். அதே நேரம் கூட்டாளி, "போலீசு வருது, கெளம்பு" என்றான். முதலாமவன் வெடுக்கென்று பையை வாங்கி, வண்டிமேல் வைத்து, ஒரு துண்டை உதறிப் போட்டு மறைத்து, மறுபடி பையைக் கொடுத்தான். அந்த அவசரத்திலும் சுகுணா ஏமாறத் தயாராக இல்லை. இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தாள். அதே கனம். நிம்மதியாக பஸ் ஏறினாள்.

வீட்டில் மகள் ஜிப்பைத் திறந்தாள். துண்டு சுற்றிய கல்.

போன பணத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியதே இல்லை. சொன்னதெல்லாம் இதுதான்: "என் கையையே ஏமாத்திட்டானுங்கக்கா." அதற்குப் பிறகு அவள் எதையும் தூக்கிப் பார்ப்பதில்லை. எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். முன்பெல்லாம் நான் புளி வாங்கப் போனால் கைநிறைய அள்ளி, "கூடத்தான் இருக்குது, எடுத்துட்டுப் போங்க" என்பாள். இப்போது தராசில் எண் நிலைக்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சந்தையில் யாராவது மூட்டையை நீட்டினால், "மிசின்ல வையிங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"அந்தக் கல்லக் கொண்டுபோய்க் கெணத்துல போடு. பாக்குறவன் சிரிக்கிறான்" என்றார் கிருஷ்ணப்பன்.

"சிரிக்கட்டும். சிரிச்சவன் நாளைக்கி வாங்க மாட்டான் இல்ல?"

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த சந்தைக்கு அந்தக் கல்லையும் சுமந்துகொண்டு போனாள். புளிக் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். "பில்லு இல்லாத லேப்டாப்பு, வந்து பாருங்க, சார்ஜே போட வேணாம்" என்று கூவினாள். கூட்டம் கூடிச் சிரித்தது. கூடவே நின்று சிரித்தாள். கோடை முடியும்வரை ஒவ்வொரு சந்தைக்கும் கல் போனது. அதன்பிறகு அந்த பஸ் நிறுத்தத்தில் பெட்டி அடுக்க ஒருவரும் வரவில்லை.

ஸ்டேஷனுக்கும் போனாள். கிருஷ்ணப்பன் மனசில்லாமல் கூடப் போனார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, "திருட்டுச் சரக்குன்னு தெரிஞ்சுதானம்மா வாங்கின?" என்று கேட்டார். கிருஷ்ணப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். சுகுணா அசையவில்லை.

"ஆமாங்க. தெரிஞ்சுதான் வாங்கினேன். அதையும் எழுதிக்குங்க."

இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. கல்லைப் பார்த்துவிட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, தனியாக வந்து அவள் காதோடு, "எனக்கு போனுன்னு சோப்புக் கட்டியக் குடுத்தான்க்கா" என்று சொன்ன பெண்கள் உண்டு. "ஸ்டேஷனுக்கு வரியா?" என்றால், வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி நழுவிவிடுவார்கள்.

நழுவியவர்களில் பெரிய ஆள் தமிழ்ச்செல்வன். உரக்கடைக்காரர், மாரியம்மன் கோயில் விழாக் கமிட்டித் தலைவர். அன்று சுகுணாவுக்கு முன்னால் நின்று பெரிய டிவிப் பெட்டி ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஏற்றியவர் அவர். "அவ்வளவு பெரிய மனுசரே வாங்குறாரேன்னுதான் நானும் முடிச்ச அவுத்தேன்" என்பாள். பெட்டிக்குள் பிளைவுட் பலகையும் கண்ணாடியும்தான் இருந்தன என்று ஆட்டோக்காரர் வழியாக ஊருக்குத் தெரியும். வீட்டில் டிவி எங்கே என்று கேட்பவர்களுக்கு, சர்வீசுக்குப் போயிருப்பதாகத் தமிழ்ச்செல்வன் சொல்கிறார். ஒரு வருஷமாகப் போயிருக்கிறது.

போன வாரம் கம்பைநல்லூர்ப் பக்கம் ஜனங்களே இதே வேலை பார்த்த ஒருவனைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஸ்டேஷனிலிருந்து சுகுணாவுக்கு போன் வந்தது. வெள்ளிக்கிழமை வந்து ஆளை அடையாளம் காட்ட வேண்டும், அந்தப் பொருளையும் கொண்டுவர வேண்டும், அன்றைக்குக் கூட இருந்து பார்த்தவர் இன்னொருவர் வந்தால் கேஸ் நிற்கும், இல்லாவிட்டால் வெளியே வந்துவிடுவான் என்றார்களாம். போனை வைத்ததும் நேரே உரக்கடைக்குப் போனாள். கடையில் ஆட்கள் நின்றார்கள்.

"அண்ணா, டிவி சர்வீசுலருந்து வந்துருச்சுங்களா?"

யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். தமிழ்ச்செல்வன் யூரியா மூட்டையைத் தட்டிக்கொண்டே, "உனக்கு இன்னாம்மா வேணும்?" என்றார்.

"ஒரு சொல்லுதாங்க வேணும். வெள்ளிக்கெழம எங்கூட வந்து, 'இவந்தான்'னு சொல்லோணும்."

"எவன்? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"செரிங்கண்ணா" என்று திரும்பி வந்துவிட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை காலை, அவரே அவள் வீட்டுக்கு வந்தார்.

வருஷத்துப் புளி வாங்க நான் போயிருந்தேன். சுகுணா பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று தட்ட உட்கார்ந்திருந்தாள். தமிழ்ச்செல்வன் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்பேரு அங்க வரக்கூடாது, சுகுணா."

"நானாச் சொல்ல மாட்டங்க. 'கூட யாரு இருந்தா'ன்னு கேட்டா சொல்லுவேன்."

"கேக்காம இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்கதான்."

"கமிட்டியில இருக்கறவன் திருட்டுச் சரக்கு வாங்கினான்னா, நாளைக்கி எவன் என்னைய மதிப்பான்? கோயிலு வாசல்ல நிக்க முடியுமா?"

"நான் சந்தையில நிக்கிறேனுங்களே."

என்னைப் பார்த்தார். நான் நார் எடுப்பதில் மும்முரமானேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. தர்மபுரியில எம்மச்சானுக்குக் கடை இருக்குது. நல்ல லேப்டாப்பு, புதுசு, பில்லோட. பொழுது எறங்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்துரும். பாப்பா படிக்கட்டும். நீ இன்னிக்கி பஸ்ஸு ஏற வேணாம். அவ்வளவுதான்."

சுகுணாவின் கை நின்றது. இரும்புத் தடியைக் கீழே வைத்தாள். சமையலறைக் கதவோரம் கோகிலவாணி நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண் இந்த வருஷப் பாடத்துக்காக ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் இரவல் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். சுகுணாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மகளின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு எழுந்து, கல்லை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். குழாய் ஓடும் சத்தமும் தேங்காய் நார் தேய்க்கும் சத்தமும் கேட்டன.

"பாப்பா, நீயாச்சும் உங்கம்மாளுக்குச் சொல்லு" என்றார் தமிழ்ச்செல்வன்.

அந்த வியாபாரத்தில் கிடைத்த ஒரே நல்ல பொருள் லேப்டாப் பை. கோகிலவாணி அதில்தான் கல்லூரிக்குப் புத்தகம் கொண்டுபோகிறாள். ஆணியில் தொங்கியதை எடுத்தாள். புத்தகங்களைக் கட்டில்மேல் கொட்டினாள். தண்ணீர் பாட்டிலையும் குடையையும் வெளியே எடுத்து வைத்தாள். சுகுணா கல்லை முந்தானையால் துடைத்தபடி வந்தபோது, மகள் பையின் வாயை இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல் உள்ளே இறங்கியது. ஜிப்பை மூடினார்கள்.

"பாப்பா படிப்பவிட அந்தத் திருட்டுப் பயதான் உனக்குப் பெருசாப் போயிட்டானா?" தமிழ்ச்செல்வன் எழுந்துவிட்டார். "இன்னாம்மா சொல்ற? உன்னயத்தான கேக்குறேன்."

சுகுணா பையின் பிடியைப் பற்றித் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கினாள். மணிக்கட்டை லேசாக ஆட்டிப் பார்த்தாள். தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.