பிரசாதம் கணக்கில் வராது

என் கணவருக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வலிப்பு வந்தது. மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்கவில்லை. மாத்திரையோடு கீட்டோ உணவையும் முயன்று பார்க்கலாம் என்றார் மருத்துவர். சோறும் சர்க்கரையும் அறவே கூடாது. நெய், முட்டை, மீன், தேங்காய் எண்ணெய்தான் சாப்பாடு. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கினால் சிலருக்கு வலிப்பு குறைகிறதாம்.

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. தூக்கி வைத்திருக்கும்போது வலிப்பு வந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளைத் தூக்குவதையே அவர் விட்டிருந்தார். அவள் காலைக் கட்டிக்கொண்டால், "அம்மாகிட்ட போ லா, செல்லம்" என்பார். அந்தப் பயம் போனால் போதும், வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

நான் தராசோடு குடித்தனம் நடத்தினேன். வெங்காயத்தைக்கூட நிறுத்துப் போட்டேன். தேங்காய்ப்பாலில் வைத்த மீன் குழம்பைச் சோறில்லாமல் கரண்டியால் குடித்தார், பாவம், முகம் சுளிக்காமல். ஆனாலும் சனிக்கிழமை காலையில் விரலில் குத்தி ரத்தத்தைப் பார்த்தால், கொழுப்பு எரிவதைக் காட்டும் கீட்டோன் அளவு இறங்கியிருக்கும். ஒரு சனிக்கிழமை வலிப்பே வந்துவிட்டது. மகள் வீறிட்டு அழுதாள்.

அவர் தெளிந்த பிறகு, "மறைக்காம சொல்லுங்க, வெளில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"சத்தியமா ஒண்ணும் இல்லம்மா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெள்ளிதோறும் வேலை முடிந்து அவர் போகும் தேக்கா வட்டாரத்துக் கோயிலுக்கு, அடுத்த வாரம் நானும் மகளோடு கூடவே போனேன். கும்பிட்டதும் நேரே பிரசாத வரிசையில் நின்றார். சர்க்கரைப் பொங்கலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார்.

"என்னங்க இது?"

"பிரசாதம் லா."

"சோறும் சர்க்கரையும்!"

"சாமி குடுக்கிறது எப்படிம்மா டயட்டுல சேரும்?"

அவர் என்னை ஏமாற்றவில்லை. அது சாப்பாடு என்றே அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டிலும் விரத நாளில் பிரசாதத்தை யாரும் மறுத்ததில்லை. திட்ட வாயெடுத்த எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

"அப்படி என்னதான் வேண்டிக்கிறீங்க?"

அவர் என் இடுப்பிலிருந்த மகளைப் பார்த்தார்.

அதன் பிறகு திருநீறோடு நிறுத்திக்கொண்டார். முதல் வாரம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நாக்கு கூசியது. பிரசாதம் கொடுப்பவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, உடைத்த தேங்காயில் ஒரு சில்லு எடுத்துக் கொடுத்தார். அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தராசில் நிறுத்தேன், நான் லேசுப்பட்டவளா?

வலிப்பு அடியோடு போய்விடவில்லை, இடையில் ஓரிரு முறை வந்தது. ஆனால் இப்போது பல மாதமாக இல்லை. போன வெள்ளி கோயிலிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் மகள் நடக்கமாட்டேன் என்று நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். நான் குனிவதற்குள் அவர் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் நடந்தேன்.

"சட்டை கிழிஞ்சிரும் லா, விடு" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் பிடியை விட்டேன்.